75 மி.மீ. குழாய் போதுமா? வீட்டுத் தச்சுக்கூடத்தில் தூசு இழுக்கும் குழாய் அமைப்பது பற்றி

கேட்டவர் சொன்னது இது: வீட்டை ஒட்டிய 10-க்கு 18 அடி கார் ஷெட். அதில் 10 அங்குல டேபிள் சா (மேசை ரம்பம்), 13 அங்குல திக்னஸ் பிளேனர் (பலகையைச் சீவி ஒரே கனமாக்குவது), 14 அங்குல பேண்ட் சா (பட்டை ரம்பம்), ஒரு மைட்டர் சா (கோணம் வைத்துக் குறுக்கே அறுப்பது), கையில் பிடிக்கும் சாண்டர் (தேய்ப்பது). துணிப்பை வைத்த 2 எச்.பி. டஸ்ட் கலெக்டர் வாங்கியாயிற்று. கூரை உயரத்தில் மூன்று சுவரையும் சுற்றி 75 மி.மீ. பிவிசி குழாய் ஓட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு இறக்கலாமா, பிவிசியில் நிலைமின்சாரம் சேர்ந்து தீப்பிடிக்குமா என்பது கேள்வி. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்கு வீசிங் உண்டு என்றும் எழுதியிருந்தார்.

குழாய் இன்னும் வாங்கவில்லை என்றால் நல்லது, 75 மி.மீ. வேண்டாம். கூரையைச் சுற்றி ஓட்டுவதும் வேண்டாம். டீ வேண்டவே வேண்டாம். நானும் முதலில் இதையேதான் செய்தேன். குழாய் மெலிதாக இருந்தால் இழுவை வேகமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது நாளே பிளேனரின் சுருள் சீவல் ஒரு டீயில் சிக்கி, குழாய் முழுக்க அடைத்துக்கொண்டது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மீதியை நீங்களே முடிவு செய்துவிடலாம். டஸ்ட் கலெக்டர் தூளை இழுப்பதில்லை, காற்றை இழுக்கிறது. தூள் அந்தக் காற்றில் சவாரி செய்து வருகிறது. சவாரி கலையாமல் இருக்கக் குழாய்க்குள் காற்று நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓட வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் படுக்கைக் குழாயில் சீவல் கீழே படியும். ஆனால் வேகம் மட்டும் போதாது. மெஷினைச் சுற்றிப் பறக்கும் நுண்தூளை வாரிக்கொள்ள நிறையக் காற்று வேண்டும். டேபிள் சாவுக்கோ பிளேனருக்கோ நிமிடத்துக்கு 350 முதல் 400 கன அடி இருந்தால் சீவலும் கண்ணுக்குத் தெரியும் தூளும் வந்துவிடும். மூச்சுக்குள் போகிற நுண்தூளையும் பிடிக்க நினைத்தால் 800 பக்கம் போக வேண்டும்.

இப்போது குழாயைப் பாருங்கள். 75 மி.மீ. குழாயில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போவது நிமிடத்துக்கு 170 கன அடிதான். உங்கள் 2 எச்.பி. எவ்வளவு முட்டி இழுத்தாலும் 250-ஐத் தாண்டுவது கடினம். 110 மி.மீ. குழாயில் அதே வேகத்துக்கு 370. 160-இல் 785. கலெக்டரின் பெட்டியில் 1200 என்றோ 1500 என்றோ அச்சடித்திருப்பார்கள். அது குழாயோ பையோ இல்லாமல் வெறும் விசிறியில் அளந்த எண்ணாகத்தான் பெரும்பாலும் இருக்கும். குழாய், பெண்ட் (வளைவு), பை எல்லாம் சேர்ந்தபின் பாதியை ஒட்டி வந்தால் நியாயமான மெஷின் என்று சொல்வேன். ஆக, உங்களிடம் கைவசம் இருப்பது 700 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உராய்வுக் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரே அளவு காற்றை இழுக்கும்போது, குழாய் குறுகக் குறுக உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் கூடுகிறது. 160-இல் போகிற காற்றை அப்படியே 110-க்குள் திணித்தால் இழப்பு ஆறரை மடங்கு. 2 எச்.பி. கலெக்டரின் விசிறிக்கு, ஒரு டியூபில் தண்ணீரைச் சுமார் 10 அங்குல உயரத்துக்குத் தூக்கும் அளவுக்குத்தான் இழுவை உண்டு. வாக்குவம் கிளீனர் போல அடைப்பைப் பிய்த்து இழுக்கும் பலம் அதற்குக் கிடையாது. பலம் இல்லாத மெஷினுக்கு வழி அகலமாக இருக்க வேண்டும்.

அதனால் 160 மி.மீ. குழாய்தான் என் பதில். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் டேபிள் சா, பிளேனர், பேண்ட் சா எல்லாவற்றிலும் தூள் வெளியேறக் கம்பெனி வைத்த வாய் 100 மி.மீ. தான். 160 குழாயை ஓட்டிக்கொண்டு போய்க் கடைசியில் 100 மி.மீ. வாயில் மாட்டினால், வழியில் மிகக் குறுகிய இடமாகிய அந்த வாய்தான் காற்றின் அளவைத் தீர்மானிக்கும். 450 கன அடிதான் உள்ளே வரும். அந்த 450, அகலமான 160 குழாய்க்குள் வந்ததும் வேகம் நொடிக்கு 11 மீட்டராக இறங்கிவிடும், படுக்கைக் குழாயில் சீவல் படிய ஆரம்பிக்கும். பலர் பெரிய குழாய் போட்டும் அடைக்கிறதே என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, மெஷினின் வாயைப் பெரிதாக்குவது. டேபிள் சாவின் கேபினெட்டில் (மேசைக்குக் கீழே உள்ள பெட்டி) தகட்டை வெட்டி 150 மி.மீ. வாய் வைப்பது ஒரு மதிய வேலை. வாரன்டி போகும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். இரண்டு, ஒரே நேரத்தில் இரண்டு திறப்புகளை வைத்திருப்பது. டேபிள் சாவில் இதுதான் அழகாக அமையும். கீழே கேபினெட்டிலிருந்து 100 மி.மீ., பிளேடுக்கு மேலே கவசத்தோடு ஒரு 63 மி.மீ. ஹோஸ். டேபிள் சாவின் தூளில் ஒரு பங்கு மேலேதான் வருகிறது, பிளேடின் பல் நம்மை நோக்கி வீசுகிறது, நாம் நிற்பதும் அங்கேதான். கீழே எத்தனை பெரிய குழாய் வைத்தாலும் மேலே வீசுவதைப் பிடிக்காது. இரண்டும் சேர்ந்தால் 600 கன அடியைத் தொடலாம், மெயின் குழாயும் ஓரளவு சுத்தமாக இருக்கும்.

பேண்ட் சாவில் வாய் பெரும்பாலும் கீழ்ச் சக்கரப் பெட்டியின் மூலையில் இருக்கும். தூள் பிறப்பதோ மேசைக்கு நேர் கீழே, பிளேடை விலகாமல் பிடிக்கும் கீழ் கைடு பக்கம். அங்கே ஒரு சின்னக் கூம்பு செய்து வைத்தால் பாதி பிரச்சினை தீரும். மைட்டர் சா எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பின்னால் இரண்டடி அகலத்துக்கு ஒரு ப்ளைவுட் கூடு கட்டி, அதன் அடியில் குழாயை வையுங்கள். முழுசாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சாண்டரை இந்தக் குழாயோடு இணைக்கவே வேண்டாம். அதன் வாய் 30, 35 மி.மீ. அளவுதான், அதற்கு வேண்டியது பலமான உறிஞ்சல், அதாவது பையோ நல்ல ஃபில்டரோ வைத்த வாக்குவம் கிளீனர். சாண்டரிலிருந்து வருகிற தூள்தான் இருப்பதிலேயே நுண்ணியது. அதற்குத் தனியாகச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

சரி, குழாயை எப்படி ஓட்டுவது? 18 அடி ஷெட்டுக்கு மூன்று சுவர் சுற்ற வேண்டியதே இல்லை. கலெக்டர் ஒரு மூலையில் என்றால் ஒரே நீளச் சுவரில், இடுப்பு உயரத்தில், நேராக 12 அல்லது 13 அடி மெயின். அதில் மூன்று கிளை, நான்காவது மெஷினுக்கு மெயினின் கடைசி முனை. அவ்வளவுதான். கூரைக்கு ஏற்றினால் ஒவ்வொரு மெஷினுக்கும் ஏழெட்டு அடி செங்குத்துக் குழாயும் இரண்டு பெண்டும் கூடுகின்றன. ஒவ்வொரு பெண்டும் பல அடி நேர்க் குழாய்க்குச் சமமான இழப்பு. மெஷின்களைச் சக்கரத்தில் வைத்து, வேலை செய்யும்போது சுவரிலிருந்து இழுத்து, ஒரு மீட்டர் நெளி ஹோஸில் இணையுங்கள். நெளி ஹோஸை அதற்கு மேல் நீட்டாதீர்கள். அதன் உள் வரிகள் வழவழப்பான குழாயைப் போல இரண்டு மூன்று மடங்கு இழப்பைத் தரும்.

ஃபிட்டிங் விஷயத்தில் நம் ஊர் ஹார்ட்வேர் கடை நமக்குப் பெரிய உதவி. தனியாக டஸ்ட் ஃபிட்டிங் தேடி அலைய வேண்டாம். பாத்ரூம் கழிவுக்குப் போடும் எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் 110-இலும் 160-இலும் கிடைக்கும். அதில் டைப் ஏ என்பது காற்றோட்டத்துக்கும் மழைநீருக்கும் ஆனது, சுவர் மெலிது, எடை குறைவு, விலையும் குறைவு. நமக்கு அதுவே போதும். கிளைக்கு 45 டிகிரி ஒய் (Y வடிவ இணைப்பு) வாங்குங்கள். திருப்பத்துக்கு ஒரே 90 டிகிரி பெண்ட் வேண்டாம், இரண்டு 45 டிகிரி பெண்டுக்கு நடுவில் ஒரு ஜாண் நேர்க் குழாய் வையுங்கள். இதே சாமான்களில் மூடி வைத்த டோர் பெண்டும் டோர் ஒய்யும் உண்டு. மெயினின் கடைசி முனையிலும், அடைக்க வாய்ப்புள்ள ஒரு திருப்பத்திலும் அதைப் போட்டால் மூடியைக் கழற்றிக் கையை விட்டுச் சீவலை எடுக்கலாம். மூடியின் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், இல்லையென்றால் காற்று அங்கேயே ஒழுகும்.

மாட்டும்போது மூன்று விஷயம் மறக்கக் கூடாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவதற்கு அந்த ஒய் செய்யப்பட்டதோ அதே பக்கம்தான் காற்றும் ஓட வேண்டும், அதாவது சாக்கெட்டின் வாய் மெஷினைப் பார்க்க வேண்டும். அப்போது உள்ளே சீவல் தடுக்குகிற விளிம்பு எதுவும் இருக்காது. அடுத்து, கிளை மெயினுக்குள் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ நுழையட்டும். கீழிருந்து நுழைத்தால் அந்தக் கிளை மூடியிருக்கும்போது மெயினில் போகிற தூள் அதற்குள் விழுந்து சேரும். அப்புறம், கலெக்டரின் வாய்க்கு முன்னால் குறைந்தது 80 செ.மீ. நேர்க் குழாய் இருக்கட்டும். விசிறியின் வாயிலேயே பெண்ட் வைத்தால் காற்று சுழன்றுகொண்டு உள்ளே போகும், விசிறி தன் வேலையைச் சரியாகச் செய்யாது.

சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஒரு வருடத்தில் மெஷின் இடம் மாறும், குழாயும் மாற வேண்டும். இறுக்கமாகச் செருகி, இணைப்பின் மேல் அலுமினியம் ஃபாயில் டேப் சுற்றினால் போதும். ஸ்க்ரூ போட்டே ஆக வேண்டும் என்றால் நுனி உள்ளே நீட்டாத அளவு குட்டையாகப் போடுங்கள். உள்ளே நீட்டிய ஒரு ஸ்க்ரூ நுனியில்தான் முதல் சுருள் மாட்டும், அதன்மேல் அடுத்தது, அப்படியே ஒரு கூடு கட்டிவிடும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு இழுப்புக் கதவு வேண்டும், ப்ளாஸ்ட் கேட் என்பார்கள். 12 மி.மீ. ப்ளைவுட் இரண்டு துண்டு, நடுவில் நகர 4 மி.மீ. அக்ரிலிக் தகடு என்று நீங்களே செய்யலாம். தகடு நகரும் பாதையின் மறுமுனையை மூடாமல் விடுங்கள். மூடினால் அந்த மூலையில் தூள் இறுகி, ஒரு மாதத்தில் கதவு முழுதாக மூடாது.

நிலைமின்சாரத்துக்கு வருகிறேன். பிவிசி மின்சாரம் கடத்தாது, அதனால் அதை முழுசாக எர்த் செய்யவும் முடியாது. வெளியே செப்புக் கம்பி சுற்றி எர்த்தில் இணைத்தால் தொடும்போது அடிக்கும் சின்ன ஷாக் குறையும், அதன் பயன் அவ்வளவுதான். வெடிப்பு நடக்க ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 40 கிராமுக்கு மேல் நுண்தூள் பறக்க வேண்டும். உங்கள் குழாயின் ஓட்டத்துக்கு அது நிமிடத்துக்கு முக்கால் கிலோ நுண்தூள். வீட்டு மெஷின்கள் எதுவும் அதை உண்டாக்காது. குழாயைப் பற்றி அந்தப் பயம் வேண்டாம். மனம் ஒப்பவில்லை என்றால் ஏசி டக்ட் மடிப்பவர்களிடம் 0.6 மி.மீ. ஜிஐ தகட்டில் உருட்டி வாங்குங்கள். விலை அதிகம், ஆனால் ஒழுங்காக எர்த் செய்யலாம், வழவழப்பும் நன்றாக இருக்கும்.

பயப்பட வேண்டியது பையைப் பற்றி. பழைய வீடு இடித்த தேக்கு நிலை, கதவு எல்லாம் நாம் ஆசையாக வாங்குகிறோம். ஒரு முறை அப்படி ஒரு சட்டத்தில் தலை முறிந்த ஆணி ஒன்று உள்ளே புதைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. பிளேனரில் ஒரு சத்தம், ஒரு பொறி, அவ்வளவுதான். வேலையை முடித்துச் சாப்பிடப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துப் புகை வாடை. பைக்குள் கை அளவு தூள் கங்காகக் கனன்றுகொண்டிருந்தது. நல்லவேளை பையை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்ற முடிந்தது. அன்றிலிருந்து பழைய மரம் எதுவும் மெட்டல் டிடெக்டர் தடவாமல் என் மெஷினுக்குள் போவதில்லை. பழைய மரம் அறுத்த நாளில் பையை உடனே காலி செய்து, மூடி போட்ட தகர டின்னில் வெளியே வைத்துவிடுகிறேன். கிரைண்டரில் இரும்பு தேய்ப்பதையும் இந்தக் குழாய் பக்கமே கொண்டுவரக் கூடாது.

இப்போது அம்மாவின் வீசிங். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். கலெக்டரோடு வருகிற சாதாரணத் துணிப்பை 30 மைக்ரான் அளவுக்குத்தான் தடுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுரையீரலின் ஆழத்துக்குப் போவது 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளது, அதிலும் 2.5-க்குக் கீழே உள்ளதுதான் மோசம். அதாவது அந்தப் பை கண்ணுக்குத் தெரியும் தூளைப் பிடித்துவைத்துக்கொண்டு, தெரியாத தூளை ஷெட் முழுக்கத் தூவுகிறது. ஷெட் சுத்தமாகத் தெரியும், காற்றோ அழுக்காக இருக்கும். அந்தத் தூள் மணிக்கணக்கில் மிதக்கும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. மூக்கு, சைனஸ் புற்றுநோய்தான் அதில் முக்கியம். தேக்கு மரமும் ஈட்டி மரமும் தோலையும் மூச்சையும் உறுத்தக்கூடியவை. எம்டிஎஃப் தூளில் ஃபார்மால்டிஹைட் பிசினும் சேர்ந்திருக்கிறது.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால், சூடான காற்று வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக விலையுயர்ந்த ஃபில்டர் போட்டுக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பச் சொல்வார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காற்றை வெளியே விடுவதால் நமக்கு எதுவும் நஷ்டமில்லை. அதனால் கலெக்டரையே ஷெட்டுக்கு வெளியே, பின்சுவரை ஒட்டி ஒரு சின்னத் தகரக் கூரைக்குக் கீழே வையுங்கள். சுவரில் 160 மி.மீ. துளை ஒன்று, குழாய் அதன் வழியாகப் போகட்டும். பையில் ஒழுகுகிற நுண்தூள் வெளியே போகும், மோட்டார் சத்தமும் வெளியே போகும். ஆனால் அந்த இடம் அம்மாவின் ஜன்னலுக்கு நேராகவோ பக்கத்து வீட்டுத் துணிக் கொடிக்கு நேராகவோ இருக்கக் கூடாது. அப்படித்தான் இருக்கும் என்றால் துணிப்பையைக் கழற்றிவிட்டு 1 மைக்ரான் மடிப்பு ஃபில்டர் போட்டாக வேண்டும், வேறு வழியில்லை.

வெளியே வைப்பதில் இரண்டு கவனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் பட்டால் பையில் ஒட்டிய தூள் களியாகி இறுகிவிடும், அப்புறம் காற்று போகாது. மூன்று பக்கமும் சாய்வுப் பலகை வைத்துச் சாரலை மறியுங்கள். அடுத்தது, 700 கன அடியை வெளியே தள்ளினால் அதே அளவு ஷெட்டுக்குள் வர வேண்டும். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் உள்ள கதவை மூடிவைத்து, தெருப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். கொசுவலை அடித்த ஜன்னல் என்றால் வலையை வாரம் ஒரு முறை தட்டிவிட வேண்டும்.

கலெக்டருக்கு முன்னால் டிரம் வைத்துச் சீவலைப் பிரிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பை காலி செய்வது சுலபமாகும், உண்மைதான். ஆனால் அது உங்கள் கலெக்டரின் 10 அங்குல இழுவையில் இரண்டு மூன்றைத் தின்றுவிடும். 2 எச்.பி.யில் நான் வைக்க மாட்டேன். வைப்பதானால் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வேண்டாம். எங்கேயாவது அடைத்துக்கொண்டால் அதன் மூடிமேல் 60 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும், பக்கமும் உள்ளே ஒடுங்கும். இரும்பு டிரம்மே சரி.

எல்லாம் மாட்டிய பிறகு வேகம் வருகிறதா என்று பார்க்க மீட்டர் வாங்கத் தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டர் எடுங்கள். அதை யூ வடிவத்தில் ஒரு பலகையில் அடித்து, பாதிவரை மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். மெயினின் திறந்த முனையிலிருந்து 45 செ.மீ. தள்ளி, நேர்க் குழாயின் சுவரில் 3 மி.மீ. துளை போட்டு, உள்பக்கப் பிசிறை நீக்கி, டியூபின் ஒரு முனையை அங்கே ஒட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். மற்ற கதவுகளை மூடி, அந்த முனையில் மெஷின் எதுவும் மாட்டாமல் கலெக்டரை ஓட்டினால், இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 45 முதல் 50 மி.மீ. வித்தியாசம் வந்தால் நொடிக்கு 20 மீட்டர் கிடைக்கிறது என்று அர்த்தம். 12 மி.மீ. தான் என்றால் வேகம் பாதி, எங்கோ ஒழுகுகிறது அல்லது அடைக்கிறது. இந்தக் கணக்கு வெறும் குழாய் முனைக்கு மட்டும்தான். மெஷினை மாட்டிய பிறகு வருகிற எண் வேறு, அதைப் புதுப் பை போட்ட அன்றே சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். அதே மெஷினில் அது கால் பங்கு இறங்கினால் பையைத் தட்ட வேண்டிய நாள்.

கரன்ட் பற்றி ஒன்று. 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. டேபிள் சாவும் அதே அளவு. இரண்டுக்கும் தனித்தனி லைன், தனித்தனி சி கர்வ் எம்சிபி (கிளம்பும்போது கூடும் கரன்ட்டைத் தாங்கும் பிரேக்கர்) போடச் சொல்லுங்கள், உங்கள் சாங்ஷன் லோடு தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கலெக்டரை முதலில் போட்டு, அது முழு வேகம் பிடித்தபின் சாவைப் போடுங்கள். நிறுத்தும்போது சாவை நிறுத்தி, பத்து இருபது நொடி விட்டுக் கலெக்டரை நிறுத்தினால் குழாயில் பாதி வழியில் இருக்கிற சீவலும் போய்ச் சேர்ந்துவிடும். பை காலி செய்யும்போதும் சாண்டர் ஓட்டும்போதும் என்95 மாஸ்க் முகத்தில் இருக்கட்டும், வேலை முடிந்தும் அரை மணி நேரம் ஷெட்டுக்குள் இருக்கிறவரை கழற்ற வேண்டாம். தூள் படிந்த சட்டையை ஷெட்டிலேயே மாற்றிவிட்டு அம்மாவின் அறைக்குப் போங்கள்.

குழாய் வாங்குவதற்கு முன் மெஷின்களின் வாய்களை அளந்து, எது எந்தச் சுவரில் நிற்கப்போகிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். ஒய் எத்தனை, பெண்ட் எத்தனை என்று உட்கார்ந்து எண்ணித் தருகிறேன்.